கரி பிடித்த பிளக்

கால் கட்டைப் பிரித்த பிறகும் என் மனைவி என் வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். திருப்பத்தில் கொட்டிக் கிடந்த எண்ணெயில் வண்டி சறுக்கியதில் அவளுக்குக் கால் முறிந்தது, எனக்கு முழங்கை சிராய்த்ததோடு சரி. சொந்தக்காரர்கள் வாயில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு வண்டியைப் பறக்கவிட்டவன் ஆயிற்றே, எண்ணெய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுடைய தம்பி, வண்டிப் பட்டறை வைத்திருப்பவன், என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

இனி மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்து, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வழியாக அவளைச் சம்மதிக்க வைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் வண்டிக்கு ஏதாவது நல்லது செய்யாமல் கை சும்மா இருக்குமா? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரேஸ் வண்டிகளுக்குப் போடும் ஸ்பார்க் பிளக் என்று ஒன்றைக் காட்டினார்கள். விலை கூடினால் வண்டி பூப்போலப் போகும் என்று நினைக்கிற மண்டை எனக்கு. உடனே வாங்கி மாட்டிவிட்டேன்.

முதல் சில நாள் பூப்போலத்தான் போனது. பிறகு திக்க ஆரம்பித்தது. அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடை பக்கத்தில் வந்து ஆக்சிலேட்டரை விட்டால் போதும், சைலன்சர் பட் படார் என்று வெடிக்கும். பின்னாலிருந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடிப்பாள். நான் முறுக்குவதால்தான் வெடிக்கிறது, பழைய புத்தி திரும்பிவிட்டது என்பது அவள் தீர்ப்பு. இல்லவே இல்லை என்று நான் கத்துவேன். கத்தினால் அவள் இன்னும் நம்ப மாட்டாள்.

ஒரு காலை சிக்னலுக்கு முன்னால் வெடித்த வெடியில் இறங்கியே விட்டாள்.

"இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னாள். அவளை அப்படியே இழந்துவிடுவேனோ என்றுகூடத் தோன்றியது.

அவளுக்கு லீவு நாளில், மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மச்சினன் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தம்பி சொன்னால்தான் நம்புவேன் என்று அவளும் கூடவே நடந்து வந்தாள். அவன் என்னை வா என்று சொல்லவில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தான், சுத்தமாக இருந்தது. கார்புரேட்டரைப் பார்த்தான், அதிலும் கோளாறு இல்லை. கடைசியாகப் பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டி, என்ன பிளக் என்று பார்த்துவிட்டு, இது யார் யோசனை என்று கேட்டான். நான்தான் என்றேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவன் அக்கா பக்கம் திரும்பினான்.

"அக்கா, இது வேகமா ஓட்டுறவங்க போடுறது. சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளிடும். மெதுவா ஓட்டுனா இதுல படியுற கரி எரியவே எரியாது. கரி மூடுனா பொறி ஒழுங்கா விழாது. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போய் வெடிக்கும்."

அதனால் என்ன என்று அவள் கேட்டாள்.

"அதனாலயா? மாமா வண்டிய உருட்டிக்கிட்டுத்தான் போயிருக்காரு. பறந்திருந்தா இது இப்படிக் கறுத்திருக்காது."

மாமா என்று அவன் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! எதற்கெடுத்தாலும் எகிறுகிற எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவள் பிளக்கை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பிளக்கைப் பார்த்தாள். மச்சினன் வண்டிக்கு உரிய சாதாரணப் பிளக்கை மாட்டி முடுக்கினான். நத்தைக்கு ரேஸ் பிளக் கேட்கிறதா என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்சிலேட்டரை விடும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. வெடிக்கவில்லை. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து எங்களை முந்திக்கொண்டு போனார்.

"ஏங்க," என்றாள் அவள், தோளில் கையை வைத்து. "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

போகலாமா என்று கேட்டேன். போங்க என்றாள்.