விடச் சொல்லும் குரல்

"மூச்சை இழுங்க. அப்படியே வெச்சுக்கங்க."

ஸ்கேன் எந்திரத்துக்குள்ளிருந்து வந்தது ஓர் ஆண் குரல். அவளுக்குப் பகீரென்றது. எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க, இங்கேதான் போகவேண்டும் என்று வீட்டுக்காரரிடம் ஒற்றைக்காலில் நின்றது இதைக் கேட்கவா?

அவளுடைய அக்கா இங்கேதான் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தாள். எந்திரத்தில் பதிந்திருந்ததும் அவள் குரல்தான். இவளுக்கு வந்திருக்கும் இதே சினைப்பைப் புற்றுநோய் அக்காவைக் கொண்டுபோன பிறகும் குரல் மட்டும் இங்கேயே தங்கியிருந்தது. போன தடவை ஸ்கேனுக்கு வந்தபோதுகூட இவள் அதைக் கேட்டாளே!

"அந்தக் குரல் என்னாச்சு?"

"மாத்திட்டாங்கம்மா," என்றாள் நர்ஸ்.

மாற்றிவிட்டார்களாம், படுபாவிகள்.

சினைப்பையை எடுத்தாயிற்று. இப்போது ஈரலில் ஒரு கட்டி. வயிற்றைக் கிழிக்காமல், விலா இடுக்கில் ஊசியை விட்டு அதைச் சுட்டுப் பொசுக்கிவிடலாம் என்றிருந்தார் டாக்டர். ஆனால் மூச்சோடு ஈரலும் ஏறி இறங்கும். ஊசி போகும்போது அசைந்தால் பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய்.

மூச்சடக்குவது அவளுக்குப் புதிதா என்ன? சின்ன வயதில் இவள் மூச்சைப் பிடிக்க, அக்கா எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். அவள் 'விடு' என்று சொல்வதற்குள் மூச்சை விட்டால் தோத்தாங்குளி. அந்த ராட்சசி லேசில் சொல்லமாட்டாள். கண் பிதுங்கினாலும் இவளும் விட்டதில்லை.

மரத்துப்போன விலாவில் ஊசி அழுத்தியது. ஆண் குரல் சொன்னபடி மூச்சைப் பிடித்தாள். பாதியில் தொண்டைக்குள் இருமல் கிளம்பியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தபோது காதோரம் வெதுவெதுப்பாக யாரோ குனிந்தார்கள்.

"விடாதடி, பூனை."

பூனை என்று அவளைக் கூப்பிட்டது உலகத்தில் ஒருத்திதான். இருமல் வந்த வழியே போய்விட்டது.

"பிரமாதம்!" என்றார் டாக்டர். "கல்லு மாதிரி இருந்தீங்க. ஊசி சரியா கட்டிக்குள்ள போயிருச்சு."

சுட்டு முடித்து, துளையில் பிளாஸ்திரி ஒட்டி, வார்டுக்குத் தள்ளிவந்தார்கள். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பொட்டு மாதிரி ஒரு ஓட்டை! இதுக்கா சோறு தண்ணி இறங்காம கிடந்தோம்? கட்டி முழுசா பொசுங்கிடுச்சாம். டாக்டரே சொல்லிட்டாரு."

அவளும் சிரித்தாள். அப்போது காதோரம் மறுபடியும் அதே வெதுவெதுப்பு.

"இன்னொரு ஆட்டம். இழு."

இழுத்தாள். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஆரஞ்சை உரித்தார். ஒரு சுளையை நீட்டியபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றே? மூச்சை விடு! ஏய், விடும்மா!"

அவள் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். முகம் சிவந்துகொண்டே போக, கண் இமைக்காமல், கட்டிலின் மறுபக்கத்து வெறும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.