நாலாவது டாக்டர்

தைராய்டுக்கு ஒரு டாக்டர், ரத்தக் கொதிப்புக்கு ஒரு டாக்டர், பல்வலிக்கு ஒரு டாக்டர் என்று தையல்காரிக்கு ஆளுக்கொரு சீட்டு எழுதியிருந்தார்கள். நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவள் இத்தனையும் விழுங்கலாமா என்று கணவனுக்குப் பீதி கிளம்பியது. இரண்டு நாளாக அவள் பீய்ச்சி வைத்த பாலையெல்லாம் அவனே சமையலறைத் தொட்டியில் கொட்டினான். குழந்தையோ புட்டிப்பாலைத் துப்பிவிட்டு, கத்திக் கத்தி வீட்டை இரண்டாக்கியது.

பொறுமை போன தையல்காரி, வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தாள். கணவன் குழந்தையோடு பின்னாலேயே ஓடினான்.

கடைக்கார அம்மாள் அட்டைகளை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றையும் புத்தகத்தில் பார்த்தாள். சீட்டு எழுதிய டாக்டர்களிடமும் போனில் கேட்டாள்.

"டாக்டருங்க எழுதின மூணையும் சேத்தே போட்டுக்கம்மா. பாலும் தாராளமா குடு."

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே மூலை நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது மடக் மடக்கென்று குடித்தது.

கடைக்கார அம்மாள் நாலாவது அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தச் சளி மாத்திரை மட்டும் வேணாம். பாலை வத்த வச்சிடும். இதை எந்த டாக்டர் எழுதினாரு?"

கணவன் சட்டென்று எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றுகொண்டான்.

"அதோ, தன்னோட எடையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரே," என்றாள் தையல்காரி, "அந்த டாக்டர்தாங்க."