படகுக்கு விளக்கெண்ணெய்

அடியில் இருந்த திருகைக் கழற்றியதும் மோட்டாரிலிருந்து மோர் வடிந்தது. மோர் என்றுதான் நான் நினைத்தேன். வெளுப்பாக, நுரையோடு, குமட்டுகிற ஒரு வாடையோடு என் பழைய ஈயப் பாத்திரத்தில் விழுந்தது. என் வீட்டுக்காரர் கிதிர் முகம்மது அதில் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெயில தண்ணி கேறிட்டு," என்றார்.

அது குற்றாலத்து வக்கீல் பால்வண்ணநாதன் பிள்ளையின் படகு மோட்டார். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற சாமான். மேலே இஞ்சின், நடுவில் நீளமாக ஒரு கால், தண்ணீருக்குள் முங்குகிற பாதத்தில் விசிறி. அந்தப் பாதத்துக்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவை எந்நேரமும் எண்ணெயில் ஊறிக் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். வக்கீலின் பங்களாவிலிருந்து இவர் அதை வண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்து, எங்கள் வாப்பாவின் குழித்தறிக் கட்டையில் முடுக்கி, காலைக் குழிக்குள் தொங்கவிட்டிருந்தார். நெசவாளி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, மிதியில் கால் வைப்பதுபோலக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு வேலை பார்த்தார். நூலுக்குக் கன்ட்ரோல் வந்ததிலிருந்து தறி சும்மாதான் கிடந்தது.

இவர் செங்கோட்டை பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். யுத்தம் பெட்ரோலைக் குடித்துவிட்டது. முதலாளி பஸ்ஸைச் செங்கல்மேல் ஏற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். நாங்கள் வந்து விழுந்தது வாப்பா வீட்டில். வந்த கொஞ்ச நாளில் தறியும் நின்றது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை. மாமனார் வீட்டுச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இவர் குனிந்த தலை நிமிர மாட்டார். வாப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் இவருக்கு வலித்திருக்க வேண்டும்.

வக்கீலின் படகு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. சாரல் விழுந்து குளம் பெருகினால், பங்களாவுக்கு வருகிற பெரிய மனிதர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். அந்த வேலையால் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது பெரிசு இல்லை எனக்கு. இந்த மனிதரை ஊரில் பிடித்து வைத்திருந்தது அதுதான். பஸ்ஸில் இவரோடு கண்டக்டராக இருந்த உச்சிமாகாளி பட்டாளத்தில் சேர்ந்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மாச லீவில் வந்து நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. லாரி ஓட்டத் தெரிந்தவனைக் கண்டால் அங்கே கட்டிப் பிடித்துக்கொள்கிறார்களாம். உச்சிமாகாளி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன அன்று இவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. நான் அழுதேன், சண்டை போட்டேன், கடைசியில் ஆணை கேட்டேன். இவர் சொன்னார்:

"அல்லா மேல ஆணை. வக்கீல் படகு ஓடுத காலம் வரைக்கும் பட்டாளம்னு வாயத் தொறக்க மாட்டேன். போதுமாட்டி?"

போதும் என்று நினைத்தேன். ஐந்து வேளைத் தொழுகையை விட்டாலும் விடுவார், கொடுத்த வாக்கை விட மாட்டார். அதற்குப் பிறகு அந்த மோட்டாரை நான் கறவை மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

இந்த வருஷம் குற்றாலத்துக்கு உடம்பு தேற்றிக்கொள்ள ஒரு பட்டாளத்துத் துரை வருகிறார், பெட்ரோலை அவரே கொண்டுவருவார், படகு தயாராக இருக்கட்டும் என்று வக்கீல் சொல்லியனுப்பியிருந்தார். கியர் ஆயிலுக்கு எங்கே போக? தென்காசியிலும் சொட்டு இல்லை, ஆலங்குளத்திலும் இல்லை. பஸ் ஓடிய கடைசிக் காலத்தில் விளக்கெண்ணெயை ஊற்றித்தான் சமாளித்தோம் என்று இவர் சொன்னார். அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, கொதிக்கவிட்டு, மிதந்த எண்ணெயை வழித்தெடுத்து, சடசடப்பு அடங்கும்வரை மறுபடியும் காய்ச்சினேன். ஒரு பொட்டுத் தண்ணீர் இருந்தாலும் சக்கரத்துக்கு ஆகாதே. பிறகு மல் துணியை இரண்டாக மடித்து வடிகட்டினேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற எண்ணெயைக்கூட நான் இத்தனை சுத்தமாகக் காய்ச்சியதில்லை. அடுப்படியில் நிற்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கையால் காய்ச்சிய எண்ணெயில் அந்தச் சக்கரம் சுற்றும், அது சுற்றுகிற வரைக்கும் இவர் என்னோடு இருப்பார்.

பழைய எண்ணெய் வடிந்து முடிந்தது. இவர் அடித் திருகை மாட்டி இறுக்கினார். பிறகு மேலே இருந்த சின்னத் திருகைக் கழற்றி, புனலை எடுத்து வரச் சொன்னார்.

எனக்குத் துணுக்கென்றது. போன சாரலில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பிட்டர் வந்து, இதே தறிக்குழியில் வைத்துத்தான் எண்ணெய் மாற்றினார். கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு திருகையும் கழற்றிவிட்டு, பித்தளைப் பீச்சாங்குழலால் அடித் துளை வழியாக எண்ணெயை அழுத்தினார். எண்ணெய் கீழிருந்து ஏற ஏற, உள்ளே இருக்கிற காற்று மேல் துளை வழியாக வெளியே போகும். மேல் துளையில் எண்ணெய் எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மேலிருந்து ஊற்றினால் காற்றுக்குப் போக வழி இல்லை, பாதிகூட இறங்காமலே வழிந்து ஏமாற்றும் என்று இவரிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார். மண்ணெண்ணெய்க் கடைக்காரன் சீசாவில் புனலை அழுத்தி வைத்து நுரை பொங்கவிட்டு, 'நிறைஞ்சிட்டு' என்று சொல்லி ஏய்ப்பானே, அதே சங்கதி. அதனால் எனக்கு நன்றாகப் புரிந்தது. குழலையும் பிட்டர் எங்களிடமே விட்டுப் போயிருந்தார்.

"கீழ இருந்துல்லா ஏத்தணும்னு அந்தப் பிட்டர் சொன்னாரு?" என்றேன்.

"குழல் ஒழுகும்டி. புனல் போதும்."

"அப்பம் காத்து?"

"பஸ்ஸுக்கு எங்கன ஊத்துவோம்? மேலதான். நீ எந்த ஊருக்குட்டி பஸ் ஓட்டுனே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸின் பழக்கம் கையில் ஊறிப் போயிருக்கிறது, டிரைவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று புனலைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் 'களக்' என்று ஒரு தரம் இறங்கியது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விளிம்பில் வழிந்தது. இவர் திருகை மாட்டித் துணியால் துடைத்தார். நான் காய்ச்சியதில் பாதிக்கு மேல் செம்பில் அப்படியே நின்றது.

"இவ்வளவு மிஞ்சிட்டே?"

"தலைக்குத் தேச்சு அருவியில குளி," என்றார்.

துரை வந்த அன்று சாரல் நன்றாக இருந்தது. இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விடியலிலேயே போனார். மத்தியானம் கழிந்து மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தது இவர் இல்லை, பங்களாக் காவல்காரர் மாடக்கண்ணு.

"நல்லாத்தான் போச்சு தாயி. தொரை தொப்பியப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்காரு. நட்ட நடுக் குளத்துல கறகறன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். மூங்கிலக் குத்தித் தள்ளிக்கிட்டு வந்தேன்."

"வக்கீலய்யா ஏசுனாங்களா?"

"ஏசல. சக்கரத்துப் பல்லு எல்லாம் போயிட்டாம், புது சாமான் சீமையில இருந்துல்லா வரணும், சண்டை முடியட்டும்னு சொல்லிட்டாரு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இவர் பொழுது சாயத்தான் வந்தார். அரப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சோறு கேட்டார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. வாப்பாவிடம் முகத்தைப் பார்த்துப் பேசினார். எழுந்திருக்கும்போது என்னிடம், "உச்சிமாகாளிய நாளைக்குப் பாக்கணும்," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை.

மறுநாள் அவர் வெளியே போனதும் நான் அந்தப் பீச்சாங்குழலைத் தேடி எடுத்தேன். பரணில் சாக்குக்குள் சுற்றிப் பத்திரமாக இருந்தது. வாளித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துக் கொல்லைச் சுவரைப் பார்த்து அழுத்தினேன். தண்ணீர் ஒரே கம்பியாகப் போய்ச் சுவரில் அடித்தது. இன்னொரு தரம் செய்தேன். என் கை நனையவில்லை. பிடியில், மூட்டில், எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அன்றைக்குக் குழலுக்குள் இருக்கிற தோல் வாஷர் காய்ந்து போய் ஒழுகியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ் ஞாபகம்தான் என்றும் நினைத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. என்ன செய்யட்டும்? வாப்பாவிடம் போய், உங்கள் மருமகன் எண்ணெயைக் கீழிருந்து ஏற்றாமல் மேலே ஊற்றினார் என்று சொல்லட்டுமா? இவரிடமே கேட்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எங்கே போய் நிற்பேன்? இல்லை என்று சொன்னால் அதை நம்பியாக வேண்டும், அது இன்னும் பயமாக இருந்தது. ஆணையை அவர் மீறவில்லை. படகு ஓடிய காலம் வரைக்கும் வாயைத் திறக்கவும் இல்லை. குழலைப் பழையபடி சாக்கில் சுற்றி வைத்தேன். இவர் வந்து கேட்டதற்கு, தலைவலி என்றேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற லாரி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெருமுனையில் வந்து நின்றது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்து மூலையில் நின்றேன். உச்சிமாகாளி இவரைக் காட்டி ஹவில்தாரிடம் ஏதோ சொன்னான். ஹவில்தார் கீழே இறங்கி, ஓட்டிக் காட்டு என்பதுபோலக் கையை நீட்டினார். இவர் என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவ்வளவு பெரிய லாரி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடின. வளைவில் லாரி திரும்பும்போது ஜன்னல் வழியாக அவர் முகம் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்த தலையோடு, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாற்றினார். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் துளியும் கேட்கவில்லை.