கதவு டாக்டரின் முகம்

வில்பெர் கல்யிசாயா ஒரு கதவை உடைப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சம்மட்டியைத் தோளுக்கு மேல் தூக்கி, பூட்டுக்கு ஒரு சாண் கீழே ஒரே போடு. மலிவுக் கதவு சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு விழும். புழுதி அடங்கியதும் கேமராவைப் பார்த்து, சிரிக்காமல், "இதுதாங்க உங்க வீட்டுக் கதவு" என்பார். எல் ஆல்டோ நகரத்தில் பாதிப் பேர் அன்றைக்கு ராத்திரி எழுந்து தங்கள் வாசல் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

அந்தச் சிரிக்காத முகத்தைக் கண்டுபிடித்தவள் நொயெமி. மாட்ரிட்டில் ஆறேழு வருடம் கிழவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மிச்ச நேரத்தில் போனிலேயே விளம்பரத் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவள். அப்போது கல்யிசாயா முட்டுச்சந்தில் பட்டறை போட்டு உட்கார்ந்திருந்தார். கை சுத்தம், வேலை சுத்தம், வாடிக்கையாளர்தான் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒருவன் தகரத்தை மடக்கிக் கதவென்று விற்றுக்கொண்டிருந்தான், அவன் கடையில் திருவிழாக் கூட்டம்.

"நீங்க கதவு விக்காதீங்க மாஸ்ட்ரோ. கதவுன்னா யாரைக் கேக்கணும்னு ஜனங்க நினைக்கிறப்போ உங்க மூஞ்சி ஞாபகம் வரணும். அப்புறம் கதவு தானா விக்கும்" என்றாள். கைத்தொழில் தெரிந்தவரை அந்த ஊரில் மாஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் பேச ஆரம்பிச்சா எங்க வீட்டு நாயே எழுந்து போயிடும்மா."

"பேச வேணாம். உடைங்க."

உடைத்தார். வாரத்துக்கு ஒரு கதவு. நடுநடுவே திருடன் எப்படிப் பூட்டைத் திறக்கிறான் என்று ஒரு கம்பியை வைத்துக்கொண்டு நிதானமாகக் காட்டுவார். ஒரு நிமிடத்துக்குள் பூட்டு வாயைப் பிளந்துவிடும். 'கதவு டாக்டர்' என்று பேர் வைத்தவளும் நொயெமிதான். தோல் ஏப்ரனும் பழுப்புத் தொப்பியும் அவள் வாங்கிக்கொடுத்தது. ஒரு வருடத்தில் மினிபஸ்ஸில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். வானொலியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். தெருச் சங்கங்களின் கூட்டத்தில் மேடையில் உட்காரவைத்து மாலைபோட்டு, தலையில் காகிதத் துண்டுகளைத் தூவினார்கள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் பார்த்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பார். மனுஷனுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஆனால் பட்டறையை நிஜமாகத் தூக்கி நிறுத்தியது நொயெமியின் வட்டம். எங்காவது வீடு உடைக்கப்பட்டது என்று தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்ததும், அந்த வீட்டை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போடுவாள். அந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களின் போனில் மட்டும் மாஸ்ட்ரோவின் முகம் வரும். 'இன்று உங்கள் தெருவில் ஒரு கதவு திறந்துகொண்டது. அது நான் செய்த கதவு அல்ல.' பயம் சூடாக இருக்கும்போதே போய் நிற்க வேண்டும், அதுதான் வியாபாரம் என்பாள். அதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. பயந்தவனுக்கு நல்ல கதவுதானே விற்கிறோம், தகரமா விற்கிறோம்?

அந்த வியாழக்கிழமை வியாச்சா ஊரில் அவள் ஞானத்தாயாக இருக்கும் குழந்தைக்கு முதல் முடி இறக்கும் விழா. கத்தரியைத் தொட்டு முதல் சுருளை வெட்ட வேண்டியவள் அவள். வியாழனும் ஞாயிறும் பெரிய சந்தை. எல் ஆல்டோ முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடும், எங்காவது ஒரு வீடு கட்டாயம் உடைபடும். இதைச் சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. சான் லூகாஸ் பகுதியில் அடிக்கடி நடக்கிறது, சாயங்காலம் ஜனங்கள் வீடு திரும்புகிற நேரத்துக்கு விளம்பரம் வரட்டும் என்று நேரம் குறித்து முன்கூட்டியே போட்டாள். போகிற போக்கில் ஞாயிற்றுக்கிழமைக்குக் குந்தூரி பகுதிக்கும் ஒன்று போட்டுவைத்தாள். இதுவரை அவள் அப்படி நேரம் குறித்துப் போட்டதே இல்லை. செய்தி வந்ததும் பொத்தானை அமுக்குவதோடு சரி.

மதியத்துக்கு முன்னாலேயே மாஸ்ட்ரோவிடமிருந்து போன் வந்தது.

"என்னம்மா பண்ணே? சான் லூகாஸ்லருந்து ஒரே போனு. ஒரு அம்மா இப்பவே வந்து அளவெடுங்கன்னு அழுவாத குறை. கெளம்பிட்டேன்."

"இப்பவா? அது சாயங்காலம் வரவேண்டியதாச்சே."

சொன்னபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த விளம்பரக் கணக்கை அவள் திறந்தது மாட்ரிட்டில். அதன் கடிகாரம் இன்னும் மாட்ரிட் கடிகாரம். அங்கே சாயங்காலம் ஆகிவிட்டது. நொயெமி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னும் யார் வீடும் உடைபடவில்லை, விளம்பரம் மட்டும் முந்திக்கொண்டது.

"சரி போங்க மாஸ்ட்ரோ. நானும் முடி இறக்கிட்டு வந்துடறேன், கதவு மாட்டறதைப் படம் எடுக்கணும்."



சான் லூகாஸ் முனையில் மினிபஸ்ஸை விட்டு இறங்கும்போதே விசில் சத்தம். ஒரு விசில் இல்லை. திருட்டு என்றால் ஊதுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விசில் வாசலில் தொங்கும், அத்தனையும் ஒன்றாக ஊதிக்கொண்டிருந்தன. டிரைவர் காசு வாங்காமலே வண்டியைத் திருப்பினான்.

"அந்தப் பக்கம் போகாத தாயி. திருடனைப் புடிச்சுட்டாங்களாம்."

நொயெமி ஓடினாள். மைதானத்தின் ஓரத்தில் மின்கம்பம், அதில் வழக்கமாகத் தொங்கும் வைக்கோல் பொம்மை, பொம்மையின் கழுத்தில் 'பிடிபட்ட திருடனைக் கொளுத்துவோம்' என்ற அட்டை. அதற்குக் கீழே, கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது கல்யிசாயாவை. தொப்பியைக் காணோம். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வாயிலிருந்து ரத்தம் தோல் ஏப்ரனில் சொட்டி, அங்கிருந்து வழுக்கிப் புழுதியில் விழுந்தது.

நடந்தது இதுதான். காலையில் சான் லூகாஸ்காரர்கள் போனில் மாஸ்ட்ரோவின் முகத்தைப் பார்த்தார்கள். இன்று உங்கள் தெருவில் ஒரு கதவு திறந்துகொண்டது. யார் வீடு, யார் வீடு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யார் வீடும் இல்லை. மதியம் ரெண்டு மணி வாக்கில் தையற்காரி பெலிசாவின் வீடு திறந்து கிடந்தது. தையல் மெஷின், டிவி, மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த சால்வை எல்லாம் போயிருந்தன. பூட்டில் ஒரு கீறல் கிடையாது. கம்பி விட்டுத் திறந்த பூட்டு. அதே நேரத்தில் அடுத்த தெருவில், கையில் கருவிப் பையோடு, கதவு டாக்டர்.

அவர் யாரென்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி நொயெமி பண்ணி வைத்திருந்தாள்.

'தோன்யா' என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் தெருச் சங்கத் தலைவி சடுர்னினா எதிரில் நின்றாள். அகலமான பாவாடை, நெற்றியில் ஏறிய வட்டத் தொப்பி, கையில் பின்னல் சாட்டை. பக்கத்தில் ஒரு வாலிபன் தன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோவை ஓடவிட்டான். மாஸ்ட்ரோவின் குரல் அதிலிருந்து நிதானமாக வந்தது: கம்பியை இப்படி உள்ளே விட்டு, லேசாகத் தூக்கி...

"நல்லா கத்துக்குடுக்கற. காலையில சொல்லிட்டு மதியானம் வந்து செஞ்சிருக்க. எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

"நான் அளவெடுக்க வந்தேன் தோன்யா."

சாட்டை அவர் முகத்தின் குறுக்கே விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து தோளில் பட்டது. அடுத்த கல் வாயில். ஒரு பல் உடைந்து உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"யாரு சொன்னா உனக்கு? இன்னைக்கு இங்க திருடுவாங்கன்னு யாரு சொன்னா? கூட்டாளி பேரைச் சொல்லு, விட்டுடறேன்."

கல்யிசாயா நல்ல கண்ணைத் திறந்தார். கூட்டத்தின் நாலாவது வரிசையில் நொயெமி நிற்பதைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு யாரும் சொல்லல."

மறுபடி அடித்தார்கள். இந்த முறை கட்டை. விலா எலும்பு முறிகிற சத்தம் நாலாவது வரிசைவரை கேட்டது. நொயெமிக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. தன்னை இங்கே யாருக்கும் தெரியாது. அவளுடைய முகம் எந்த விளம்பரத்திலும் இல்லை. ஒருத்தி பிளாஸ்டிக் கேனைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் அனுப்பினாள். அது நொயெமியின் கைக்கும் வந்தது. பெட்ரோல் வாடை. பக்கத்தில் நின்ற கிழவர், "குடு குடு, முன்னாடி குடும்மா" என்றார்.

அவள் கேனைக் கீழே கவிழ்த்துவிட்டு முன்னால் போனாள்.

"அவரை விடுங்க. விளம்பரம் போட்டது நான். அவருக்கு அதெல்லாம் போடவே தெரியாது."

விசில்கள் நின்றன. சடுர்னினா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாருடீ?"

"அவருக்கு வேலை பாக்கறேன் தோன்யா. சாயங்காலத்துக்குன்னு போட்டேன், கடிகாரம் தப்பாயிடுச்சு. மாட்ரிட் நேரத்துல ஓடுது அது."

"மாட்ரிட்டா? பெலிசா வீட்டுல திருடறதுக்கு ஸ்பெயின்லருந்தா வந்தானுங்க?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்துத் தொலைத்தது. இவர்களுக்குப் புரியவைத்துவிடலாம், தன் தொழிலே அதுதானே என்று நினைத்துவிட்டாள்.

"சந்தை நாள்ல எங்கயாவது திருட்டு நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும் தோன்யா. அதை நம்பி முன்னாடியே போட்டு வைக்கிறதுதான். வெறும் ஊகம். இங்க பாருங்க, ஞாயித்துக்கிழமைக்குக் குந்தூரிக்கும் போட்டு வச்சிருக்கேன். எனக்கென்ன அங்க யார் வீடுன்னா தெரியும்?"

போனை நீட்டினாள். வரைபடத்தில் குந்தூரி, அதைச் சுற்றி நீல வட்டம், மாஸ்ட்ரோவின் முகம், தேதி, நேரம். இன்று உங்கள் தெருவில் ஒரு கதவு திறந்துகொண்டது.

சடுர்னினா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை குந்தூரியாம். படம் போட்டு வட்டம் கட்டி வச்சிருக்கா."

அப்புறம் யார் கத்துவது யார் அடிப்பது என்று தெரியவில்லை. போன் ஒரு கல்லின் மேல் வைத்து உடைக்கப்பட்டது. நொயெமியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கம்பத்தின் மறுபக்கம் தள்ளினார்கள். வயிற்றில் ஒரு உதை, முதுகில் இன்னொன்று. "பூட்டைத் தொறக்கற கை எது?" என்று யாரோ கேட்டார்கள். "ரெண்டும்தான்" என்று யாரோ சொன்னார்கள். கருவிப் பையிலிருந்து அவருடைய சம்மட்டியையே எடுத்தார்கள். வலது கையைக் கல்லில் வைத்து ஒரே போடு. கல்யிசாயா அலறவில்லை, மூச்சு மட்டும் ஒருமுறை உள்ளே போய் வெளியே வர மறந்தது. இடது கைக்குத்தான் அலறினார். அவ்வளவு காலம் அவர் பேசிய எதையும்விட அது சத்தமாக இருந்தது.

போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்து இரண்டு பேரையும் மீட்டது. கேனைக் கவிழ்த்திருக்காவிட்டால் மீட்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று சார்ஜென்ட் சொன்னார். அதைக் கேட்டு நொயெமிக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மாஸ்ட்ரோவுக்கு ஒரு தனி அறை கொடுத்தார்கள். இரண்டு கையும் முழங்கைவரை கட்டு. இனி சம்மட்டி பிடிக்க முடியாது என்று டாக்டர் அவளிடம் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. நர்ஸ் எலெனாவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. கஞ்சி ஊட்டும்போது, "எங்க வீட்டுக்கு எந்தப் பூட்டு நல்லதுங்க?" என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நொயெமி" என்றார் எலெனா போனபிறகு. "எம் மூஞ்சியை எல்லாருக்கும் குடுத்தியே. திருப்பி வாங்க முடியுமா?"

குந்தூரி விளம்பரத்தைக்கூட அவளால் நிறுத்த முடியவில்லை. உதை வாங்கிய உடம்போடு சனிக்கிழமை சாயங்காலம்தான் அவளால் எழுந்து நடக்க முடிந்தது, நேரே இன்டர்நெட் கடையில் போய் உட்கார்ந்தாள். கணக்கைத் திறக்க ஒரு எண் வேண்டும், அந்த எண் உடைந்த போனுக்குத்தான் வரும். புது சிம் கொடுக்கும் ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை குந்தூரியில் ஒரு வீடும் உடைபடக் கூடாது என்று அவள் தனக்கு நம்பிக்கையில்லாத சாமியிடமெல்லாம் வேண்டிக்கொண்டாள். ஏனென்றால் ஆஸ்பத்திரி குந்தூரியில் இருந்தது.

ஞாயிறு மதியத்துக்கு முன்னால் எலெனா வலி மருந்தோடு வந்தாள். அவள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். மாஸ்ட்ரோவைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். மருந்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

"எலெனா, கொஞ்சம் நில்லுங்க" என்று நொயெமி வராந்தாவுக்கு ஓடினாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து அந்த அறையைப் பார்த்தார்.

நொயெமி உள்ளே வந்து கதவைச் சாத்தி முதுகை வைத்து அழுத்திக்கொண்டாள். மணி பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. ஒன்றரை வாக்கில், தூரத்தில், முதல் விசில் கேட்டது. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

கல்யிசாயா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். விசில் வந்த பக்கம் அவர் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை, கீலிலிருந்து கைப்பிடிவரை, வாழ்க்கை முழுக்கப் பார்த்த மாதிரியே.

"இதுல தாழ்ப்பாளே வைக்கலையேம்மா" என்றார்.