செவ்வாய்க்கிழமைப் பாதை

பேனரைப் பார்த்ததும் இமாஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றதைக் கொண்டாட, இந்தோனேசியாவின் பாண்டுங் பல்கலைக்கழகத்தில் அவள் மாணவர்கள் அந்த ஊர் வழக்கப்படி மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். பின்னால் பேனர். அதில் அவள் முகமும், கட்டுரையில் வந்த ஒரு காரின் பாதையும்.

கார்கள் ரேடியோ வழியே ஒன்றோடொன்று பேசும்போது, எது யாருடையது என்று தெரியாதபடி தங்கள் அடையாளப் பெயரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அவள் ஆராய்ச்சி. "எது யாரோட வண்டின்னு எனக்கே தெரியாது" என்று உறுதி சொல்லித்தான் சக ஆசிரியர்களின் கார்களில் கருவி பொருத்தினாள். பிறகு, இந்தத் துறையின் வழக்கப்படி, தன் பூட்டைத் தானே உடைத்துப் பார்த்தாள். உடைந்தது. ஒரு கார் தினமும் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிப் போய், பஞ்சர் கடையருகே திரும்பி, சுராபி என்ற தேங்காய்ப்பால் ஆப்பம் சுடும் கடையில் நின்றது. எல்லோருக்கும் சுடச்சுட சுராபி வாங்கி வருபவள் பக்கத்து அறை ஆசிரியை விவின்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இமாஸ் மேலும் பார்த்தாள். செவ்வாய்தோறும் அந்தக் கார் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது. தெருப் பெயர்களை அழித்துவிட்டு, 'செவ்வாய்க்கிழமைப் பாதை' என்று தலைப்பிட்டு அந்தப் பாதையையே கட்டுரையில் போட்டாள்.

"இது நம்ம சுராபி கடை வளைவுல்ல?" என்றான் மாணவன் டெடன். "அப்ப இது விவின் மேடம் வண்டி! செவ்வாய்க்கிழமை எங்க மேடம் போறீங்க? மாப்பிள்ளை பாக்கவா?"

"ஆமாடா, உனக்கென்ன பொறாமை?" விவின் சிரித்தாள். கையிலிருந்த தட்டைச் சாப்பிடாமலே மேசையில் வைத்தாள்.

இமாஸ் அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "பேரெல்லாம் எடுத்துட்டேன், அது போதும்னு நெனச்சேன்டீ..."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"நோன்புக்கு முன்னாடி."

"பெருநாளைக்கு எங்க வீட்டுல வந்து வயிறார சாப்பிட்டியே. ஒரு வாட்டியாவது 'எப்படிடீ இருக்க'ன்னு கேட்டியா?"

"கேட்டா, பாத்துட்டேன்னு தெரிஞ்சிடுமே..."

விவின் படியிறங்கிப் போய்விட்டாள்.

"மேடம், சோத்துக் கூம்பை வெட்ட வாங்க!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இமாஸ் போய் பேனரைக் கழற்றிச் சுருட்டினாள். அன்றே கட்டுரையைத் திரும்பக் கேட்டு ஆய்விதழுக்கு எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனை வாசலில் நின்றாள். எத்தனை மணிக்கு அந்தக் கார் வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருப்பதே உடம்பைக் கூச வைத்தது.

கார் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"கரெக்டா வந்து நிக்கிற. கட்டுரை எழுதுனவ ஆச்சே!" என்ற விவின், துணிப்பையை அவள் கையில் திணித்தாள். "பிடி. இன்னிக்கு மருந்து ஏத்தி முடிய ரொம்ப நேரமாகும்."