ஜோடி டிக்கெட்

சொந்தத் தறிக்காரன் கல்யாணம் செய்வது குடித்தனம் நடத்த அல்ல, ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆள் சேர்க்கத்தான் என்று சோமனூர்ப் பக்கம் கேலி பேசுவார்கள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். தெய்வாத்தாளுக்கு மட்டும் சிரிப்பு வராது. பன்னிரண்டு வருஷமாகப் பகலில் அவள் ஆறு தறிகளை ஓட்டுகிறாள், ராத்திரியில் அவள் கணவர் காளிச்சாமி ஓட்டுகிறார். அவர் படுக்கும்போது அவள் எழுந்திருப்பாள், அவள் படுக்கும்போது அவர் எழுந்திருப்பார். ஒரே பாய்தான், ஆளுக்கொரு நேரம்.

ஷிப்ட் மாறும் அந்தக் கால் மணி நேரத்திலும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேசக்கூடிய விஷயங்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன? நூல் தீர்ந்துவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது, ஹாஸ்டலில் இருக்கும் பையன்களுக்கு பீஸ் கட்ட வேண்டும். மற்றதெல்லாம் மெதுவாகப் பேச வேண்டியவை. அதனால் அவை பேசாமலே கிடந்தன.

இப்படி இருக்கையில்தான் மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாகத் தண்ணீர் பார்க் ஒன்று திறந்தார்கள். பேப்பரில் கூப்பன் வந்தது. வார நாளில் ஜோடியாக வந்தால் பாதி விலை. தெய்வாத்தாள் அதை நூல் வெட்டும் கத்தரியால் சுற்றிலும் வெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். ஜோடி என்ற அந்த வார்த்தையை மட்டும் இரண்டு தடவை படித்தாள். நம்மை ஜோடி என்று இதற்கு முன் யார் சொன்னார்கள், கல்யாணப் பத்திரிகையைத் தவிர?

நாள் குறிப்பதில் சிரமமில்லை. மாசத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிற்கும், அன்றைக்குத்தான் தறியும் நிற்கும். இந்த மாசம் புதன்கிழமை. உள்ளே சாப்பாடு யானை விலை, வெளிச் சோற்றை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே காந்திபுரத்தில் இறங்கி வயிறு முட்ட டிபன், பிறகு மேட்டுப்பாளையம் பஸ். சேலையோடு சறுக்கில் விட மாட்டார்களாம். துணிக்கடையில் மகளுக்கு என்று பொய் சொல்லி ஒரு சுடிதார் வாங்கினாள். இல்லாத மகளுக்கு முப்பத்தாறு அளவு இடுப்பு!

"ஏனுங்க மாமா, புதங்கெழமை போலாமுங்களா? நம்ம ரெண்டு பேரு மட்டும்" என்று கத்திக் கேட்டாள்.

"சேரி" என்றார் காளிச்சாமி. அவ்வளவுதான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பேச்சும் கிடையாது, அப்படி ஒரு மனுஷர். அந்த ஒற்றைச் 'சேரி'யை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவருக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வினை வந்து வாசலில் நின்றது. வினை என்றால் காளிச்சாமியின் அக்கா ருக்குமணிதான். பக்கத்துத் தெருவில் இருப்பவள், நல்லவளும்கூட. மாவு வாங்க வந்தவள், தெய்வாத்தாள் சுடிதாரை மேலே வைத்து அளவு பார்ப்பதைக் கண்டுவிட்டாள்.

"இதாருக்கு அம்மிணி?"

பொய் வாயில் வரவில்லை. தெய்வாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொங்குநாட்டில் பிறந்தவளின் நாக்கு, புத்தியைக் கேட்டுப் பேசுவதில்லையே. "நீங்களும் வாங்க நங்கையா" என்றுவிட்டாள்.

"அய்யோ, நானெதுக்கு கண்ணு. நீங்க போயிட்டு வாங்க."

அதுதான் முறை. முதல் தடவை கூப்பிட்டால் மறுக்க வேண்டும். மறுத்தால் கூப்பிட்டவர் இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். "அதெல்லாமில்லீங்க, சும்மா வாங்க" என்றாள். ருக்குமணி முறைப்படி இரண்டாம் தடவையும் மறுத்தாள். இங்கேதான் விட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் தடவை கூப்பிடாவிட்டால் முதல் இரண்டும் ஒப்புக்குக் கூப்பிட்டதாக ஆகிவிடும். ஒப்புக்குக் கூப்பிட்டாள் என்ற பேரைச் சுமந்துகொண்டு யாரால் அந்தத் தெருவில் நடக்க முடியும்?

"நீங்க வல்லீனா எங்களுக்கு மனசே ஆகாதுங்க" என்று மூன்றாம் தடவையும் கூப்பிட்டாள்.

"நீ இத்தனை தூரஞ் சொல்றப்ப எப்படி மாட்டேங்கறது" என்றாள் ருக்குமணி. "அவரையும் புள்ளைகளையும் கூட்டிட்டு வாரேன்."

அன்று ஷிப்ட் மாறும்போது தெய்வாத்தாள் தறிகளை நிறுத்திவிட்டாள். ஓடுகிற தறியைக் காரணமில்லாமல் நிறுத்துவது அவர்கள் வீட்டில் நடக்காத காரியம். காளிச்சாமி பதறி உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் பாபின் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே ஒரு நீல அரை டவுசர், கடை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"போன வாரமே வாங்கி வெச்சுபோட்டேன்" என்றார். "வேட்டியோட உள்ள உட மாட்டாங்களாமா. நீ கம்முனு இருந்திருக்கப்படாதா அம்மிணி? நானும் எத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

அவள் அழுதேவிட்டாள். அவருக்கு ஆசை இல்லை என்று நினைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இருந்தது என்று தெரிந்த பிறகு எப்படித் தாங்குவது?

புதன்கிழமை ஆறு பேராகப் போனார்கள். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பார்க்கில் ருக்குமணியின் கணவர் ஐயாசாமி, "வாங்க மாப்ள" என்று காளிச்சாமியின் தோளில் கை போட்டு அழைத்துப்போனார். பிள்ளைகள் தீபக்கும் பிரவீனாவும் அலைக்குளத்துக்கு ஓடினார்கள். தண்ணீரைப் பார்த்ததுமே ருக்குமணிக்குத் தலை சுற்றியது. அவளுக்குத் துணையாகவும் ஆறு பேர் செருப்புக்குக் காவலாகவும் தெய்வாத்தாள் மரத்தடியில் உட்கார்ந்தாள். சுடிதாரில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. தூரத்தில் நீல டவுசர் தெரிந்தது, மறைந்தது. வீட்டிலாவது ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்போம், இங்கே அதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் காளிச்சாமி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். "அக்கா, பையை நீங்க பாத்துக்குங்க" என்றார். தெய்வாத்தாளைப் பார்த்து, "வா" என்றார்.

ருக்குமணி வாயைத் திறப்பதற்குள் இருவரும் நடந்துவிட்டார்கள்.

பெரிய சறுக்கு அது. மூன்று மாடி உயரம், ஒரு ரப்பர் டியூபில் இரண்டு பேர். ஏறும் படிக்கட்டு முழுக்க வரிசை. இவ்வளவு நேரம் யார் நிற்பது என்று ஐயாசாமியும் பிள்ளைகளும் காலையிலேயே அதை விட்டுவிட்டிருந்தார்கள். இருவரும் கடைசியில் போய் நின்றார்கள். பத்து நிமிஷத்துக்கு நாலு படி நகர்ந்தது. தறிச் சத்தம் இல்லை. கத்த வேண்டியதில்லை. தெய்வாத்தாள் அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள்.

"உங்களுக்குக் காதோரம் நரைச்சுப் போச்சுங்களே" என்றாள்.

"ரெண்டு வருசமாச்சு" என்றார். "நீ இப்பத்தான் பாக்கற."

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. சின்னவன் ஹாஸ்டலில் அழுததை அவளிடம் சொல்லாமல் மறைத்ததைச் சொன்னார். விடிகாலையில் அவள் தூங்கும்போது போர்வையை இழுத்துவிடுவது தாம்தான் என்றார். அவள் எழுந்து போன பாயின் சூடு ஆறுவதற்குள் படுத்துவிட வேண்டும் என்று சில நாள் முகம்கூடக் கழுவாமல் படுப்பாராம். இதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு மலைப்பக்கம் பார்த்தார். தெய்வாத்தாள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் படிக்கட்டு நூறு மாடிக்கு இருக்கக்கூடாதா என்று ஏங்கினாள்.

இருக்கவில்லை. உச்சி வந்துவிட்டது. டியூபைப் பிடித்திருந்த ஆள், "ஏறுங்க" என்றான். கீழே சறுக்கு முடியும் இடத்தில் ருக்குமணி எல்லாப் பைகளையும் தூக்கிக்கொண்டு வந்து நின்று கையசைத்தாள். அரை நிமிஷத்தில் அங்கே போய் விழுந்துவிடலாம்.

காளிச்சாமி டியூபைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற ஜோடியிடம் திரும்பி, "நீங்க போங்க, எங்களுக்கொண்ணும் அவசரமில்லீங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார். அவர்கள் போனார்கள். அடுத்து வந்தவர்களிடம் தெய்வாத்தாள், "பரவால்லீங்க, நீங்க முன்னால போங்க" என்றாள். அதற்கடுத்தும் அப்படியே. டியூப்காரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்கக்கா, நீங்க எறங்கறீங்களா இல்லீங்களா?"

"எறங்கறமுங்க" என்றாள் தெய்வாத்தாள், கணவரின் கையை விடாமல். "இன்னொரு நாலு பேரு போகட்டுமுங்க."