பூங்காவனத்தின் கணுக்கால்

பிரேசர் டவுனில் தன் தெருவிலிருந்த மூன்று நாய்களையும் பியாட்ரிஸ் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிரவுனி, சுந்தரி, வால் பாதி இல்லாத கட்டையன். பள்ளிக்கூட அலுவலக வேலை முடிந்து சாயங்காலம் அவள் தெருமுனையில் திரும்பும்போதே மூன்றும் எழுந்து நின்றுவிடும். கறிக்கடையில் வாங்கிய எலும்புகளைச் சோற்றோடு வேகவைத்து, மஞ்சள்தூள் போட்டு, ஆறிய பிறகு வாசலில் தனித்தனித் தட்டில் வைப்பாள். விலங்குகளுக்காக வேலை செய்கிற ஒரு சங்கத்திடம் சொல்லி மூன்றுக்கும் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருந்தாள். அதன் அடையாளமாக மூன்றின் காதிலும் ஒரு சின்ன வெட்டு இருந்தது.

"நமக்குப் பிள்ளைங்க இருந்திருந்தாகூட இவ்ளோ பாத்திருக்க மாட்ட" என்று அவள் கணவன் டெஸ்மண்ட் கிண்டல் செய்வான். சொல்லிவிட்டு, தட்டுகளைக் கழுவி வைப்பதும் அவன்தான்.

எதிரே பழைய பங்களா ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் திருவண்ணாமலைப் பக்கத்து ஜனங்கள், அங்கேயே தகர ஷெட் போட்டுத் தங்கியிருந்தார்கள். அங்கிருந்து ஒரு சிறுமி தினமும் வந்து, நாய்கள் சாப்பிடுவதைக் குந்தியபடி பார்த்துக்கொண்டிருப்பாள். "சாப்பிடும்போது தொடாத பாப்பா, தள்ளி உக்காரு" என்பாள் பியாட்ரிஸ். அந்தப் பேச்சோடு சரி. பாப்பா என்பதைத் தாண்டி அவளை வேறெப்படியும் கூப்பிட நேரவில்லை.

அது 2007-ஆம் வருஷம். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று கோயிலிலிருந்து வந்தவளை டெஸ்மண்ட் கேட்டருகிலேயே நிறுத்தினான்.

"மார்க்கெட் பக்கத்துலேருந்து ஒரு வெறிநாய் வந்துச்சு. எச்சில் ஒழுகிட்டு, கண்டதையெல்லாம் கடிச்சுட்டே வந்துச்சு. ஆட்டோக்காரங்க மூலைல வெச்சு அடிச்சுக் கொன்னுட்டாங்க."

பியாட்ரிஸ் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. படியில் உட்கார்ந்து மூன்று நாய்களையும் ஒவ்வொன்றாக மடியில் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். ரோமத்தை விலக்கி, கால்களைத் தூக்கி, கழுத்தடியைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

நிமிர்ந்தபோது எதிரே மணல் குவியல்மேல் அந்தச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தது. பியாட்ரிஸ் அதைப் பார்த்தாள். கட்டட வேலை நடக்கிற இடம், பிள்ளைகளுக்கு எப்போதும் எங்காவது அடிபட்டுத்தான் இருக்கும். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஈஸ்டர் நெருங்கியிருந்த ஒரு காலையில் ஷெட்டிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். சித்தாள் வேலை செய்கிறவள். அந்தக் குழந்தையின் தாய் ருக்மிணி.

"அம்மா, பாப்பாவுக்கு ஜொரம். நேத்துலேருந்து வாயில ஒண்ணும் வெக்க மாட்டேங்குது. மாத்திரை இருந்தா ஒண்ணு குடும்மா."

பியாட்ரிஸ் மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு தானே போனாள். ஷெட்டுக்குள் சிறுமி சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். தம்ளரை அருகில் கொண்டுபோனதும் அவள் தொண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்து விறைத்தது. தண்ணீரைப் பார்த்து அப்படி ஒரு அலறல்.

தம்ளர் பியாட்ரிஸின் கையிலிருந்து நழுவியது. நாய்களுக்கு ஊசி போட வந்த சங்கத்துக்காரர்கள் இந்த நோயின் லட்சணத்தை அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"நாய் கடிச்சுதா இவளை?"

ருக்மிணி தயங்கினாள். "அந்த ஆட்டோக்காரங்க அடிச்ச நாயிதாம்மா. கணுக்கால்ல லேசா பல்லு பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய் ஒரு ஊசி போட்டோம். அடுத்த ஊசிக்குப் போனா மருந்து தீந்துபோச்சு, திங்கக்கெழம வான்னாங்க. திங்கக்கெழம கான்கிரீட்டு. மேஸ்திரி உடல. அதுக்குள்ள புண்ணும் ஆறிப்போச்சு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எதிர்லதானே இருக்கேன்!"

"உங்ககிட்ட இன்னான்னு வந்து சொல்றது?" என்றாள் ருக்மிணி. குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

டெஸ்மண்ட் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பியாட்ரிஸைப் பார்த்துக் கேட்டார்: "பேஷண்ட் பேரு?"

அவள் வாயைத் திறந்து, பிறகு ருக்மிணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூங்காவனம்" என்றாள் ருக்மிணி.

டாக்டர் ஸ்ரீவித்யா கன்னடக்காரப் பெண், சின்ன வயது. குழந்தையைப் பார்த்துவிட்டு பியாட்ரிஸை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள்.

"நீங்க என்ன ஆகணும்?"

"எதிர்வீடு."

"மேடம், இந்த ஸ்டேஜ் வந்தாச்சுன்னா மருந்து இல்லை. வலி தெரியாம தூங்க வெக்கலாம். அஷ்டே. அவ்ளோதான்."

"வேற எங்கயாவது? வேலூர் கொண்டுபோனா?"

"எங்க கொண்டுபோனாலும் இதேதான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்பா அம்மா ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கணும். குழந்தை அம்மா கையைக் கடிச்சிருக்கு. தோல் கிழிஞ்சிருக்கு. அதை மட்டும் பாத்துக்கோங்க."

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட அறையில் குழந்தையை வைத்தார்கள். காற்று பட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது. இடையிடையே தெளிவு வந்தது. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது. அப்படி ஒரு தெளிவில் பூங்காவனம் பியாட்ரிஸை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஆன்ட்டி, கட்டையனுக்குச் சோறு வெச்சீங்களா?"

"வெச்சேன் கண்ணு." காலையிலிருந்து யாரும் எதுவும் வைத்திருக்கவில்லை.

"எனக்குத் தாகமா இருக்குது."

ருக்மிணி ஈரத் துணியை உதட்டருகே கொண்டுபோனாள். மறுபடியும் அந்த அலறல். பியாட்ரிஸ் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒன்றும் செய்வதற்கில்லாமல் அந்தச் சிறிய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் இருந்தது ஒரு வெளிறிய தழும்பு, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் மதியம் குழந்தை இறந்துபோனாள்.

அந்த வாரமே நாய் பிடிக்கிற வண்டி வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சேஷகிரிதான் சொல்லி அனுப்பியிருந்தார். அவரே கேட்டில் வந்து நின்றார். "தப்பா நினைக்காதீங்க மேடம். என் பொண்ணோட குழந்தைங்க இந்தத் தெருவுலதான் விளையாடறாங்க. எல்லாருக்கும் பயமா இருக்கு."

"இதுங்க கடிக்கல சார். கடிச்சது அன்னைக்கே செத்துப்போச்சு. காதைப் பாருங்க, மூணுக்கும் ஊசி போட்டிருக்கு."

"ஆர்டர் இதே அம்மா, நாவேனு மாடோது" என்றான் வண்டிக்காரன். உத்தரவு இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே கம்பி வளையத்தைப் பிரவுனியின் கழுத்தில் போட்டான். பியாட்ரிஸ் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு எதிர் ஷெட்டிலிருந்து பூங்காவனத்தின் தகப்பன் பச்சைமுத்து வெளியே வந்தான். தலையை மொட்டையடித்திருந்தான். தெருவைக் கடந்து வந்து அவள் முன்னால் நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"புடிச்சுனு போவட்டும் உடும்மா. உங்களுக்கு மூணு இருக்குது. எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

இவை கடிக்கவில்லை என்று சேஷகிரியிடம் சொன்ன அதே வார்த்தைகள் அவள் நாக்கில்தான் இருந்தன. அது உண்மையும்கூட. இந்த மனிதனின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருப்பதும் அந்த மூன்று உயிருக்குச் செய்கிற துரோகம் என்று தெரிந்தது. கம்பியை விட்டுவிட்டாள். பிரவுனியை வண்டியில் ஏற்றினார்கள். சுந்தரி ஒரு சத்தமும் போடாமல் போனது. கட்டையன் ஓடிவந்து அவள் கால்களுக்குப் பின்னால், புடவைக்குள் ஒளிந்துகொண்டது. அங்கேயிருந்துதான் அதை இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று வண்டிக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே ஓடினாள். வண்டி தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.

செய்வதற்கு அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ருக்மிணிக்கு ஊசி. பச்சைமுத்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். ருக்மிணிதான் மாட்டேன் என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? போனா போறேன்."

"அப்படிச் சொல்லாத. வா."

பியாட்ரிஸ் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் முறை வரும்வரை இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை, திரும்பி வரும்போது ஆட்டோவில், ருக்மிணி கேட்டாள்: "நாய்ங்களுக்கெல்லாம் ஊசி போட்டீங்களே, அது எப்படிம்மா தெரிஞ்சுது, போடணும்னு?" பியாட்ரிஸ் அவள் கையிலிருந்த ஊசிச் சீட்டை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்தாள்.

இரண்டு ஊசி பாக்கி இருக்கும்போது ஷெட் காலியாகிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் தகரங்களைக்கூடப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஊரின் இன்னொரு பக்கம், அடுகோடி என்கிற இடத்தில் வேறு கட்டடம் ஆரம்பித்திருப்பதாகக் காவல்காரன் சொன்னான்.

பியாட்ரிஸும் டெஸ்மண்டும் அடுகோடியில் ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கினார்கள். "ருக்மிணியா? எந்த ருக்மிணி?" என்றார்கள் எல்லா இடத்திலும். கடைசியில் ஒரு மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "கொழந்தை செத்துச்சே, அந்தப் பொம்பளயா? புருஷனும் பொண்டாட்டியும் ஊருக்கே போறோம்னு கணக்கு முடிச்சுனு கெளம்பிட்டாங்க. இப்பதான், மத்தியானம்."

"எந்த ஊரு?"

"திருவண்ணாமலை தாண்டி எங்கியோ. ஊர் பேரு யாரு கேட்டது?"

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். திருவண்ணாமலை பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. மூட்டைகளும் பிள்ளைகளுமாக நெருக்கியடித்துக்கொண்டு ஜனங்கள் ஏறியிருந்தார்கள். பியாட்ரிஸ் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்து "ருக்மிணி! ருக்மிணி!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். பின்பக்க ஜன்னலிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். மடியில் கைக்குழந்தை.

"நான்தான் ருக்மிணி. இன்னாம்மா வேணும்?"

வேறு யாரோ. பார்த்தே இராத முகம். பியாட்ரிஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "உங்க ஊர்ப் பக்கம் ருக்மிணின்னு இன்னொரு பொண்ணைப் பாத்தா, பாக்கி ஊசியைப் போட்டுக்கச் சொல்லு. கையில கடிச்ச காயம் இருக்கும். மறக்காம சொல்லு."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதையாக, சரி என்று தலையாட்டினாள். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் நகர்ந்தது. டெஸ்மண்ட் வந்து அவள் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டான்.